நேற்றே பார்த்தேன் என்றாய்

இன்று மதியம் வாடகைக் காரின் கதவைத் திறந்ததும், வெயிலில் காய்ந்த சீட்டின் வாடை முகத்தில் அடித்தது. ஏறாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். ஏசி போடாத கோபம் என்று டிரைவர் நினைத்திருப்பார். உன் நினைவில் நின்றேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நான்கு வருடம் முன்பு, ஒரு சித்திரை மாதம். இறால் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து வந்து, மகனுக்குச் சோறு ஊட்டிவிட்டு அவன் பக்கத்தில் படுத்தேன். அப்போது அவனுக்கு நான்கு வயது. கண் விழித்தபோது பாயில் அவன் இல்லை. தெருக்கதவு திறந்து கிடந்தது. என் கூப்பாட்டைக் கேட்டுத் தெருவே கடற்கரைக்கு ஓடியது. நம் பக்கம் பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் கடலைத்தானே நினைப்போம். அடுத்த வீட்டிலிருந்து வந்த நீ மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாய், சர்ச் மதிலோரம் வெகுநாளாக நின்ற பழைய காரை நோக்கி.

பின்சீட்டில் கிடந்தான். ஏறத் தெரிந்தவனுக்கு உள்ளேயிருந்து கதவைத் திறக்கத் தெரியவில்லை. உடம்பு கொதித்தது, கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. நான் அவன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாய்.

“ஏளா, வாயில ஊத்தாத. மயங்கிக் கெடக்கான், பொறையேறிரும். சட்டையக் கழத்து. உடம்புல ஊத்து.”

நிழலுக்குத் தூக்கி வந்து குடம் குடமாய் ஊற்றினோம். ஆட்டோவிலும் ஈரத்துணியால் துடைத்தபடி, முந்தானையால் விசிறியபடி வந்தாய். ஆஸ்பத்திரியை நெருங்கும்போது முனகினான். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம்.

கப்பலில் வேலை பார்த்த என் கணவர் போனில் ஒன்றுதான் கேட்டார்: “புள்ளைய விட்டுட்டு எப்படித் தூங்குன?” போனை நீ வாங்கினாய்.

“அவள மட்டும் ஏசாதீங்கண்ணே. முந்துன நாளே புள்ளைக அந்தக் கார்க் கதவத் தொறந்து வெளையாடுனத நான் பார்த்தேன். வெரட்டி விட்டுட்டு என் சோலியப் பார்க்கப் போயிட்டேன். இவகிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

அதன் பிறகு அவர் என்னை ஒருநாளும் அதைச் சொல்லி ஏசியதில்லை.

தெருவே உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. நீ சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வாரமே கார்க்காரரைத் தேடிப் பிடித்து, காரை அங்கிருந்து எடுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாய்.

போன கார்த்திகையில் உனக்கு நெஞ்சு வலித்தபோது, ஆஸ்பத்திரிவரை போய்ச் சேர நேரமில்லாமல் போயிற்று. மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. உன்னை எங்கே என்று கேட்பதை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறான்.

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில், பிடித்து வைத்த தண்ணீர் அண்டாவில் விளிம்புவரை நின்றது. பக்கத்தில் தத்தி நடக்கிற குழந்தை. கதவைத் தட்டி, அண்டாவை மூடி வைக்கச் சொன்னேன். “எங்க புள்ளைய எங்களுக்குப் பார்க்கத் தெரியும்க்கா” என்றாள் அந்தப் பெண். முகம் சுண்டித்தான் போயிற்று. ஆனாலும், அவள் உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்து அண்டாவை மூடும்வரை அங்கேயே நின்றேன்.