தோள் என்று சொன்ன இடம்

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இடது கம்கட்டில் (புத்தகத்தில் அக்குள்) இன்றும் வலி. குளிக்கும்போது தொட்டால் உள்ளே மொச்சைக்கொட்டை அளவு ஒன்று. மூன்று வாரமாகிறது. போன வாரம் மருமகள் செல்வி கூட்டிப்போன இடத்தில் ஆண் டாக்டர். வாய் வரவில்லை. "தோளு" என்று சொல்லிவிட்டேன். தடவ மருந்து, சுவரில் கையை ஏற்றி இறக்கும் பயிற்சி. செல்வி பக்கத்திலேயே காவல். "இன்னும் பத்து வாட்டி அத்தே, ஏமாத்தாதீங்க."

ஐந்தாவது வரை படித்தவள் நான். கம்கட்டு என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். மறுபடி சுவர்.

பெரியவன் பிறந்தபோதும் இதே இடம். பால் கட்டி, கம்கட்டு வரை வீக்கம். மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பால் கட்டிக்கிச்சுடி, இன்னாத்துக்கு அழுவுற? புள்ளைய வாயில வை!" அவள் கொடுத்த வெந்நீர் ஒத்தடம் இன்னும் தோலில் இருக்கிறது. கம்பெனிகள் வருமுன் இங்கெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை. பம்புசெட்டில் சேர்ந்தே குளிப்போம். ஒருத்தி உடம்பு இன்னொருத்திக்குத் தெரியும். இப்போது தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம்.

உளுந்து, சோப்பு வாங்க வேண்டும்.

ஐப்பசி 12, புதன்

மாடியில் குடியிருக்கும் மாரிக்கு லீவு. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கம்பெனி லைனில் வேலை. கையை அகட்டிக்கொண்டு கோழி மாதிரி இறங்கி வந்தாள்.

"கக்கத்துல கட்டி பாட்டி. பிளேடு போட்டேன், சீழ் வச்சிட்டு. டாக்டரம்மா மாத்திரை தந்துருக்காவ."

கம்கட்டைத்தான் கக்கம் என்கிறாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

"எனக்கும் ஒண்ணு கீது."

"எத்தன நாளா?"

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா காட்டிரணும்னு சொன்னாவ பாட்டி. நாளைக்கே போங்க."

ஐப்பசி 13, வியாழன்

லேடி டாக்டர். எங்கே வலி என்று கேட்டார். "கம்கட்டு" என்றேன்.

செல்வி முறைத்தாள். "தோளுன்னு சொன்னீங்களே! ஒரு வாரமா உங்கள சுவத்துல ஏத்திகினு கீறேனே!"

டாக்டருக்கும் சிரிப்பு. பிறகு கேள்விகள். காய்ச்சல் உண்டா, இளைத்தீர்களா, கையில் காயம், பூனை கீறல். மார்பையும் அழுத்திப் பார்த்தார்.

"கையில புண்ணு இருந்தாலும் அங்க நெறி கட்டும். சுளுக்குலயும் வலிக்கும். ஆனா இது கெட்டியா இருக்கு, போகாம நிக்குது. மார்ல ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும். தள்ளிப் போடாதீங்கம்மா."

நாளைக்கு ஸ்கேன்.

திரும்பும்போது பஸ்ஸில் செல்வி என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு காதோடு: "எனக்கும் மாசாமாசம் தூரமாவறதுக்கு முன்னாடி அங்கதான் வலிக்கும் அத்தே. யாராண்ட சொல்றது?"

"எந்தக் கம்கட்டு?" என்றேன்.

முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

"எந்தப் பக்கம்டி? சொல்லு."