கோட்டாவை எட்டாதவர்கள்

கிங்ஸ்பரி, லண்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள சிவரூபினிக்கு,

உடம்பு சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. மனம்தான் இன்னும் வந்து சேரவில்லை. அது அயர்லாந்தில், உம்முடைய ஊர் விளையாட்டு மண்டபத்தில், வாக்கு எண்ணுகிற மேசைகளுக்கு முன்னால் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறது. நேற்றுக் கனகாம்பிகை அக்காவுக்குக் கார் பழக்கும்போதும் அப்படித்தான். அவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட, நான் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, வெள்ளைத் தாள்கள் மேசைக்கு மேசை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கைத் தாண்டிய பிறகுதான் கண்டேன். தம்பி, டிறைவிங் ரெஸ்ற்றிலயும் இப்பிடி விடுவினமோ என்று மனுசி ஆசையாகக் கேட்கிறார்.

நீர் ரெலிபோனில் கேட்டீர், தேர்தலில வெண்ட மனுசிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விடியவே ஏனப்பா கப்பலேறினீங்கள் என்று. பாடம் எடுக்க ஆட்கள் காத்திருக்கினம் என்று சொன்னேன். அது பொய். உண்மையை ரெலிபோனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வருசத்து வேலை என்றுதான் அந்த ஆஸ்பத்திரிக்குத் தாதியாகப் போனீர். ஆறு வருசமாகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் பஸ் விடவேண்டும் என்று கவுன்ரி கவுன்சில் தேர்தலிலும் நின்றீர். வெண்டால் அஞ்சு வருசம் இஞ்சைதான், தோத்தால் எல்லாத்தையும் விட்டிட்டு லண்டனுக்கு வாறன் என்று நீர் சொன்ன அன்றே நான் மேல் அறைக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டேன். உமக்குப் பிடித்த இளம் பச்சை. வாக்கு எண்ணும் நாளுக்காக உம்மிடம் கப்பலில் வரும்போது கடல் அசைவில்லாமல் கிடந்தது. கண்ணை மூடி அம்மனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துகொண்டேன். நீர் வெல்ல அல்ல, ரூபினி. தோற்க. உம்முடைய ஏஜெண்ட் என்ற அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இப்படி நேர்ந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

அந்தத் தேர்தல் முறை எனக்கு முதலில் விளங்கவேயில்லை. இங்கே நாங்கள் ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வருகிறவர்கள். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி இலக்கம் போடுகிறார்கள். உம்முடைய சிநேகிதி பியற்றிஸ்தான், தானும் ஒரு ஏஜெண்ட் என்ற பெருமையோடு, பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினார். ஒருவர் தோற்று வெளியேறினால் அவருக்கு விழுந்த வாக்குச்சீட்டு செத்துப்போகாதாம். அதில் அடுத்த இலக்கம் யாருக்கோ அவரிடம் போகுமாம். வெல்லத் தேவையான வாக்குத் தொகைக்குக் கோட்டா என்று பெயராம்; ஒருவரும் அதை எட்டாவிட்டால் கடைசி இடம் மிஞ்சியவர்களில் கூடிய வாக்கு எடுத்தவருக்காம்.

இருந்தது ஐந்து இடம். முதல் எண்ணிக்கையில் நீர் எட்டாவது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பியற்றிஸ் தந்த சான்ட்விச் அவ்வளவு ருசியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். அவர்களுடைய தாள்கள் விரிந்தன. உயரத்து யன்னல்களால் வெயில் சாய்ந்து விழுந்தது. மண்டபத்தில் தாள் புரளும் சத்தம் மட்டும். நின்றபடியே தூங்கிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். தேர்தலில் நின்று தோற்ற வாத்தியாரின் வாக்குக் கட்டுக்குள்ளிருந்து ஒரு அடுக்கு எழும்பி உம்மிடம் வந்தது. பிறகு தோற்ற கடைக்காரரின் கட்டுக்குள்ளிருந்து. உம்மை முதலாவதாக நினைக்காத சனம் எல்லாம் மூன்றாவதாக, நாலாவதாக நினைத்து வைத்திருந்தது. யாருடைய தாயைக் குளிப்பாட்டி விட்டீரோ, யாருக்கு எந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி கொடுத்தீரோ, நான் அறியேன். அந்த ஊர் உம்மை எனக்குத் தெரியாத ஒரு ஆளாக அறிந்திருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

கடைசி இடத்துக்கு நீரும் அந்த மாட்டுப் பண்ணைக்காரரும் மட்டும், இரண்டு பேரும் கோட்டாவை எட்டாமலே, மிஞ்சினீர்கள். என்னால பாக்க ஏலாது என்று சொல்லிவிட்டு நீர் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டீர். பியற்றிஸ் தேத்தண்ணி எடுக்கப் போனார். நான் தனியே நின்றேன். கடைசியாக வெளியேறியவரின் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்காரரின் வாக்குக் கட்டுக்கு மேலே கிடந்த தாளைப் பார்த்தேன். அதில் உமக்கு இலக்கம் ஐந்து. அவருக்கு ஏழு. அது உம்முடைய கட்டுக்குள் இருக்கவேண்டிய தாள். எண்ணுகிற பிள்ளை களைத்துப்போய், அந்தக் கட்டுக்குப் போட ஒரு றப்பர் வளையத்தை எடுத்துவிட்டாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது மேல் அறை. இளம் பச்சைச் சுவர். யன்னலோரம் நீர் காலை நீட்டி இருக்கிறீர். கீழே நான் தேத்தண்ணிக்குக் கேத்தில் போடுகிறேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நீர் வந்துவிடுவீர். ஒருவருக்கும் தெரியாது.

என்னுடைய கால் நிலத்தில் ஓங்கி மிதித்தது. இருபத்தைந்து வருசமாக மற்றவர்களின் காருக்குப் பிரேக் போட்ட கால் அல்லவா. கூடவே நிறுத்துங்கோ என்று கத்திவிட்டேன். தமிழில்! மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் பாஷை விளங்கவில்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் கை நின்றுவிட்டது. நான் விரலை நீட்டிக் காட்டினேன். அதிகாரி வந்து கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தார். அதற்குள் உம்முடைய தாள் இன்னும் ஒன்று இருந்தது. அந்த இரண்டும் அங்கேயே கிடந்திருந்தால் நீர் ஒரு வாக்கால் தோற்றிருப்பீர். வந்ததால் மூன்று வாக்கால் வென்றீர். பண்ணைக்காரர் திரும்ப எண்ணச் சொல்லிக் கேட்டும் அது மாறவில்லை.

காலின் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் வாயைத் திறந்தது நான். ஏன் திறந்தேன் என்று கப்பலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஐந்து என்று போட்ட அந்த மனுசன், தன்னுடைய வாக்கு உம்மிடம் போய்ச் சேரும் என்று நம்பித்தானே போட்டிருப்பான்? அவனை ஏமாற்றிவிட்டு உம்மோடு இருந்து எப்படித் தேத்தண்ணி குடிக்கிறது?

ஒரு ஏஜெண்ட் பிழையைக் கண்டுபிடித்தார் என்று மட்டும்தான் உமக்குச் சொல்லியிருப்பார்கள் போல, மேடையில் நீர் பியற்றிஸின் கூர்மையான கண்ணுக்கு நன்றி சொன்னீர். அவரும் பாவம், தேத்தண்ணிக் கோப்பையோடு முழித்துக்கொண்டு நின்றார். நான் திருத்தவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. நீர் வென்ற சந்தோசமும், நீர் வரமாட்டீர் என்ற துக்கமும் ஒன்றாக வந்தால் முகம் வேறெப்படி இருக்கும்? அந்த முகத்தைத்தான் நீட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறீர்.

இங்கே குசினிக் குழாய் திரும்ப ஒழுகுகிறது. வடக்கு லண்டன் எட்மண்டனில் வாடகை கட்டி முடியவில்லை என்று மகள் லக்‌ஷிகா நேற்று வந்து மேல் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வீட்டை நான் பாக்கிறன் அப்பா, நீங்கள் அம்மாட்டப் போங்கோ என்றாள். அவளுக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது.

பியற்றிஸிடம் ஒன்று கேட்டுச் சொல்லும். கவுன்சில் தேர்தலில் வாக்குப் போட அந்த ஊரில் குடியிருந்தால் போதும் என்று சொன்னார், அது மெய்தானா? அங்கேயும் காரை இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று கவனித்தேன். நீர் பஸ் கொண்டுவர எப்படியும் காலமெடுக்கும். அதுவரைக்கும் சனத்துக்கு யாராவது கார் பழக்கத்தானே வேண்டும்.

அம்மன் என்னுடைய அர்ச்சனையைத் திருப்பி அனுப்பியதற்கு அவளுக்கு ஆயிரம் கும்பிடு. அவள் உமக்குத் துணையாக இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடும். உம்முடைய அலுமாரியில் எனக்கு ஒரு தட்டை மட்டும் ஒதுக்கி வையும். ஆறு வருசமாக உம்மோடு வந்து குடியிருக்காதவனுக்கு அதுவே கூடுதல்தான், தெரியும். ஆனால் கோட்டாவை எட்டாதவருக்கும் கடைசி இடம் கிடைக்கும் என்று உம்முடைய ஊரில்தானே பார்த்தேன்.

உம்முடைய,
பத்மநாதன்