ஏறாத விலைப்பலகை

பெர்த்,
வியாழன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டுப் படகேறினால் எனக்குக் கோபம் வரும்.

நம் புரூமில் பெட்ரோல் விலை மாதக்கணக்கில் அசையாது. இங்கே அது நம்மூர்க் கடல் மாதிரி. நாளுக்குக் கொஞ்சமாக வடிந்து செவ்வாயன்று தரைதட்டும்; ஊரே டாங்கியை நிரப்பும். புதன் காலை ஆறு மணிக்கு நகரம் முழுக்க முப்பது சென்ட் ஏறிவிடும்.

நான் வேலை பார்க்கும் பங்க் மாதிரி எல்லா பங்க்கும் மறுநாள் விலையை மதியம் இரண்டு மணிக்குள் அரசிடம் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய விலைதான், நாள் முழுக்க மாற்ற முடியாது. இந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி நெரிசலில் நான் பதிய மறந்துவிட்டேன். நேற்று எங்கள் விலைப்பலகை மட்டும் ஏறவில்லை. வண்டி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. நீங்கள் கடலின் பெரிய ஏற்றத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவீர்களே, நானும் கழற்றினேன்.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி கிளென்டா வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா விலைய ஏத்தி எறக்குறேன். இத்தன பேரு இந்த ஊர்ல இருக்காங்கன்னு இன்னைக்குத்தான்டி பாக்குறேன். இன்னொரு தடவ மறந்தே, உன்னையே டாங்கிக்குள்ள ஊத்திடுவேன்."

கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட நம்மூர் அட்டவணை ஒன்று அனுப்புங்கள். விலை ஏற்ற மறக்காமலிருக்கச் சுவரில் மாட்டத்தான்.

ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன். செவ்வாயன்று போன் செய்யாதீர்கள். புதனன்று செய்யுங்கள். விலை ஏறிய அன்று இங்கே ஒருவரும் வரமாட்டார்கள்.

உங்கள் மகள்,
ப்ரோன்வின்