ஸ்பீக்கருக்கு வைத்த சந்தனம்

என் பேஸ் கிட்டார் அப்பாவுக்கு, அன்பு முத்தங்கள்.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் கரகரக்கிறது. போசரி தொழிற்பேட்டைக் கம்பெனியில் பகலெல்லாம் மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இந்தச் சத்தமா என்று அம்மா உங்களை எத்தனை முறை கேட்டிருப்பாள்! அதே அம்மா, நேற்று நான் உங்கள் கிட்டாரை எடுத்துத் தடித்த கம்பியைத் தட்டியதும், அந்தக் கரகரப்பைக் கேட்டு முகம் வெளுத்து நின்றாள்.

"நான்தாண்டி கெடுத்துட்டேன். ஆயுத பூஜைக்கு அதுக்குள்ள சந்தனம் வச்சேன்."

நீங்கள் வருடாவருடம் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல்தான் பொட்டு வைப்பீர்கள். நீங்கள் இல்லாத முதல் பூஜையில் குறை வைக்கக் கூடாதென்று, அம்மா முன்வலையைக் கழற்றி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலேயே வைத்திருக்கிறாள். பொட்டா அது, அடை.

"அவர் பொருளை ஒரு வருஷம்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல எனக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிடவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு ஸ்பீக்கரில்தான். அதைக் கழற்றி, கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தினேன். எங்கும் உரசவில்லை, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த சந்தனத்தைப் பெயர்த்தெடுத்து, மறுபடி மாட்டி வாசித்தேன். அதே கரகரப்பு! சந்தனம் குற்றவாளி இல்லை. ஆனால் அம்மா நம்ப வேண்டுமே?

திரும்பவும் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்தேன். கூம்பின் ஓரத்தில் ஒரு பழைய கிழிசல். அதன்மேல் எதையோ சிவப்பாகப் பூசி ஒட்டியிருந்தது. ஒரு முனையில் மட்டும் ஒட்டு விட்டுப்போயிருந்தது, கரகரப்பு அங்கிருந்துதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"அடப்பாவி மனுஷா! என் நெயில் பாலிஷ்டி இது!"

ஞாபகம் இருக்கிறதா அப்பா? சித்தி கல்யாணத்துக்கு வாங்கிய புது பாட்டில். அதைக் காலி பண்ணியது நான்தான் என்று அன்று எனக்குத்தானே திட்டு விழுந்தது? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டே, "விடு, குழந்தைதானே" என்று எனக்காகப் பரிந்து வேறு பேசினீர்கள்!

அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான். பிறகு உங்களைத் திட்டிக்கொண்டே சப்பாத்தி சாப்பிட்டாள்.

இன்று காலை அவளே அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இதையே பூசு. கேட்டிருந்தா அவருக்கும் குடுத்திருப்பேனே."

ஸ்பீக்கரை மாற்ற மாட்டேன் அப்பா. கிழிசலை ஒட்டி, தினமும் கொஞ்சம் வாசிக்கிறேன். சத்தம் போடாதே என்று அம்மா உள்ளேயிருந்து கத்தும்வரை வாசிப்பேன்.

உங்களுக்காகத் திட்டு வாங்கிய உங்கள் மகள்,
வித்யா