பல் டாக்டர் ஒட்டிய கீல்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிராமல் உன் வாய்க்கும் வேளாவேளைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது சாப்பாட்டு மேஜை மட்டும்தான், அதன்மேல் ஒரு விமானம் கிடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அப்பாவுக்குக் குளிக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. இந்தத் தெருவிலேயே அவரைவிடச் சுத்தமான ஆள் கிடையாது. கை நடுங்குது, கிளினிக்கை மூடிடுங்கப்பா என்று நீ சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். கிளினிக்கை மூடினார், கூடவே உன்னிடம் வாயையும் மூடிக்கொண்டார். நானே பல் டாக்டராக்கின பொண்ணு என் கையைப் பார்த்து அப்படிச் சொல்லிட்டாளே என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நீ சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் இவ்வளவு கோபம்.

கிளினிக்கை மூடிய கையோடு இந்த விமானம் வந்து சேர்ந்தது. பொம்மை என்று சொல்லிவிடாதே, அடிக்க வருவார், ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானமாம். இறக்கையை மாட்டினால் என்னைவிட நீளம், சமையலறைக்குப் போக நான் குனிந்து போகிறேன். உன் ஆடிட்டர் மாமாவும் இதில் கூட்டு. என் தம்பிக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது, ஆனால் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படித்துவிடுவான். உன் அப்பாவுக்குக் கை உண்டு, காகிதத்தைத் தொட மாட்டார். நல்ல ஜோடி.

இறக்கையின் பின் ஓரத்திலும் வாலிலும் மேலும் கீழும் அசைகிற பலகைகள் இருக்கின்றன, அவை அசைந்தால்தான் விமானம் ஏறும் இறங்கும் திரும்பும். நம் அலமாரிக் கதவு போல அவற்றுக்கும் கீல் உண்டு, சுண்டுவிரல் அளவுக்குப் பிளாஸ்டிக்கில். கீலின் ஒரு காலை இறக்கைக்குள்ளும் மறு காலைப் பலகைக்குள்ளும் துளை போட்டுப் பசை வைத்து இறக்க வேண்டும். நடுவில் இருக்கும் மூட்டில் மட்டும் பசை படக் கூடாது, பட்டால் அசையாது. மூட்டுல வாசலின் தடவிட்டு அப்புறம்தான் ஒட்டணும்னு போட்டிருக்கு அத்தான் என்று மாமா விமானத்தோடு வந்த காகிதத்தைப் படித்துக் காட்டினான். ஒட்ட வேண்டிய இடத்துல வழவழன்னு தடவச் சொல்றவன் எவன்டா, எச்சில் ஊறுற வாய்க்குள்ளயே பல்லு ஒட்டினவன் நான், காஞ்ச மரத்துல ஒட்டத் தெரியாதா என்று உன் அப்பா ஒரே போடாகப் போட்டார். போட்டுவிட்டு, பல்லை அடைக்கிற மாதிரியே துளை நிரம்ப, நிரம்பி வழிய, பசையை அடைத்தார். துளி இடைவெளி விட்டாலும் உள்ளே சொத்தை விழுமாம். மரத்துக்கு ஏதுங்க சொத்தை என்று கேட்டேன், முறைத்தார்.

காலையில் பார்த்தால் ஒரு பலகைகூட அசையவில்லை, இறக்கையோடு ஒன்றாகச் செத்துக் கிடந்தன. உன் அப்பா கொஞ்சமாவது பதறினாரா என்றால் இல்லை. புதுப் பல்செட் மாதிரிதான், ரெண்டு நாள் டைட்டாத்தான் இருக்கும், பழகிடும் என்றார். பழக்கிப் பார்க்கலாமென்று பலகையை இழுக்கும் குட்டி மோட்டாரை ஓட விட்டார்கள், அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் புகையைக் கக்கி அடங்கிப் போயிற்று. பசை சரியில்லை என்றார், மழைக்காற்று என்றார், மாமா பக்கத்தில் நின்று மூச்சு விட்டதுதான் காரணம் என்றும் சொன்னார். பிறகு பல் பிடுங்கும் குறடை எடுத்து வந்து கீல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பாதி வந்தது, பாதி முறிந்தது, வேர் உள்ளயே தங்கிடுச்சு என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மரம் வாயைத் திறந்து கத்தாததுதான் பாக்கி.

நாலைந்து நாள் கழித்து, புதுக் கீலும் மோட்டாரும் வாங்கி வந்த அன்று, குதிகால் வெடிப்புக்கு வைத்திருந்த என் வாசலின் டப்பாவைக் காணோம். கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். மத்தியானம் எட்டிப் பார்த்தேன், உன் அப்பா பல் நோண்டும் கம்பியின் நுனியில் வாசலினைத் தொட்டுத் தொட்டு மூட்டுகளுக்குத் தடவிக்கொண்டிருந்தார். முழங்கையை மேஜையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார், அப்படியும் கம்பி ஆடிற்று. காப்பி கொண்டுபோனவள் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை இறக்கைக் கீல் எல்லாம் சரியாக ஒட்டின. மாமா ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பலகையையும் பிடித்து இழுத்துப் பார்த்தான். இவ்வளவு பெரிய விமானத்தில் ஒரு கீல் கழன்றால் யார் மண்டையிலாவது விழும் என்கிறான், மேஜையில் கிடப்பது அவன் மண்டையில் எப்படி விழும் என்று தெரியவில்லை.

இப்போது விமானத்தில் எல்லாம் ஆயிற்று, வாலில் நெட்டுக்குத்தாக நிற்கும் சுக்கான் பலகை மட்டும் பாக்கி. அதன் கீல்கள் ஒரு பழைய பல்செட் டப்பாவில் பூட்டாத குறையாக இருக்கின்றன. முதலில் பசை தீர்ந்துவிட்டது என்றார், அலமாரியில் பிரிக்காத பசை இரண்டு பெட்டி நிற்கிறது. அப்புறம் வெயில் சரியில்லை என்றார். நேற்று மாமா நான் ஒட்டட்டுமா அத்தான் என்று டப்பாவைத் திறக்கவும் கையைத் தட்டிவிட்டார். வால் பக்கம் இடுக்கு ஜாஸ்திடா, சின்னக் கை வேணும், நடுங்காத கை வேணும், அவ லீவுல வரட்டும் என்றார். நடுக்கம் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்பது இதுதான் முதல் தடவை. மாமா டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்று நீ இழுத்துக்கொண்டிருந்தாயே, இனி இழுக்காதே, டிக்கெட் போட்டுவிட்டுச் சொல். மேஜையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கும் ஆசை இருக்காதா. வரும்போது பெரிய டப்பாவாக வாசலின் ஒன்று வாங்கி வா, என் குதிகாலுக்கு. நீயும் உன் கையும் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், அப்பா சார்பிலும் நானே ஆசீர்வதித்துவிடுகிறேன். ஞாபகமாக ஒன்று. அடுத்த தடவை போனில் கொஞ்சம் உரக்கப் பேசு கண்ணு, நான் ஸ்பீக்கரில்தான் போடுகிறேன். நீ பேசி முடிக்கும்வரை அவர் உள்ளே குழாயைத் திறப்பதேயில்லை, துண்டும் நனையாமல்தான் வெளியே வருகிறது. அந்தக் குளியலறைக் கதவு ரொம்பத் தடிமன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா