பச்சை விளக்குப் பெட்டி

புக்கிட் ரோத்தான்,
வியாழக்கிழமை.

தம்பி ஜோனாஸுக்கு, அக்கா செலீனா எழுதுவது.

அப்பாவும் நானும் நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் தாளில் எழுதி, ஜொகூருக்குத் திரும்பும் உன் கூட்டாளி பவனேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ ஒளிந்திருக்கும் அறை அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

அன்னம்மா ஆன்ட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நீ விற்ற கரண்ட் மிச்சப்படுத்தும் பெட்டி அவர் வீட்டுச் சுவரில் வெடித்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். மீதியையும் கேட்டுக்கொள். உள்ளே இருந்த கப்பாசிட்டர் உப்பி வெடித்ததில் பக்கத்துத் திரைச்சீலை பற்றிக்கொண்டது. பேத்தி அதே ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி எரிகிற துணியை வெறுங்கையால் பிடுங்கி வெளியே வீசியிருக்கிறார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆன்ட்டியின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. நம் கோயிலுக்கு வரும் பாதிப் பெண்களின் ரவிக்கையைத் தைத்த கை அது.

விவரம் தெரியாதவன் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக வேலை பார்த்தவன். ஏசி கரண்டில் வோல்ட்டேஜும் கரண்டும் ஓயாமல் ஏறி இறங்குகின்றன. மோட்டாரில் வோல்ட்டேஜ் முந்திக்கொள்ளும், கரண்ட் பின்தங்கும். கப்பாசிட்டரில் நேர்மாறு. கரண்ட் பாய்ந்து அது நிரம்ப நிரம்பத்தான் வோல்ட்டேஜ் ஏறும். கால் சுற்று பிந்தித்தான் வரும். மோட்டாருக்குப் பக்கத்தில் சரியான அளவு கப்பாசிட்டரை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வேலை எதுவும் செய்யாமல் சும்மா போய்வரும் கரண்ட் வயரில் குறையும். ஆலையில் கரண்ட் ரொம்பப் பின்தங்கினால் மின்சாரக் கம்பெனி அபராதம் போடும் என்பதால் அலமாரி நிறைய கப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மிச்சம்தான். வீட்டு மீட்டர் அந்தச் சும்மா கரண்டை எண்ணுவதே இல்லை. உண்மையில் செலவான சக்தியைத்தான் எண்ணுகிறது. நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகள்கூட இதைச் சொல்லுவார்கள். உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

நான் கோர்ஸுக்கு வெளியூர் போயிருந்த ஞாயிறாகப் பார்த்து, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வித்தை காட்டியிருக்கிறாய். ஒரு பழைய ஃபேனை ஓடவிட்டு, வயரில், ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவைத்து, பெட்டியைச் சொருகினாயாம். பச்சை விளக்கு எரிந்தது, மீட்டரில் எண் இறங்கியது. அந்த எண் பொய்யில்லை. எனக்கு அருவருப்பு அங்கேதான். உண்மையான எண்ணைக் காட்டி, பில் பாதியாகும் என்று சொல்லியிருக்கிறாய். முழுப் பொய் சொல்லக்கூட உனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா எழுந்து, என் மகன் சொன்னால் அதில் தப்பிருக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். நீ தலையாட்டிக்கொண்டு நின்றாயாம்.

கிள்ளான் மொத்த வியாபாரி மட்டச் சரக்கைக் கொடுத்து உன்னை ஏமாற்றிவிட்டான் என்று பவனேஷிடம் புலம்பினாயாமே. நல்ல சரக்காக இருந்தால் வெடித்திருக்காது, பில் மட்டும் எப்போதும் போல வந்திருக்கும். இதுதானே உன் நியாயம்?

போன ஞாயிறு நான் அதே மண்டபத்தில் அதே ஃபேனை வைத்தேன். கூடவே ஒரு வீட்டு மீட்டரையும் பொருத்தினேன். பெட்டியைச் சொருகினாலும் பிடுங்கினாலும் செலவை எண்ணும் மீட்டரின் சின்ன விளக்கு ஒரே வேகத்தில்தான் சிமிட்டியது. எல்லாருக்கும் புரிந்தது. ஆத்திரத்தில் கத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் கத்தவில்லை. அன்னம்மா ஆன்ட்டி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அதெல்லாம் சரி லா, செலீனா. உன் தம்பி இத தெரிஞ்சு வித்தானா, தெரியாம வித்தானா?”

மண்டபமே என்னைப் பார்த்தது. கடைசி வரிசையில் அப்பா இருந்தார். தெரிந்துதான் விற்றான் என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளில் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அசாம் ஜாவா ஊர் வரைக்கும் வீடு வீடாகப் போய் அந்தப் பெட்டிகளைச் சேகரிக்கிறார். சிலர் கொடுக்க மறுக்கிறார்கள். பச்சை விளக்குதான் எரிகிறதே என்கிறார்களாம். வெடிக்கும், கொடுத்துவிடுங்கள் என்று அவர்கள் வாசலில் நின்று கெஞ்சுகிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது. நான் கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். உன் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

ஆன்ட்டியின் மகன் சுகுமாறன் போலீசில் ரிப்போர்ட் செய்யப் போகிறான். பெட்டியின் விவரத்தை விளக்க என்னைக் கூப்பிட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி என்பதற்காக ஒரு வார்த்தையும் குறைக்க மாட்டேன். ஆன்ட்டிதான் அவனைத் தடுத்து வைத்திருக்கிறார். “அவன் வரட்டும். வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். அப்பறம் நீ எங்க வேணும்னாலும் போ” என்று மகனிடம் சொன்னார். அவன் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன்னை நம்பி உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் ஒரே ஆள், நீ கையைப் பொசுக்கிய அந்த மனுஷிதான். அதற்கு நீ தகுதியானவன் என்று நான் நினைக்கவில்லை. அவர் நினைக்கிறார்.

ஆண்டவர் உனக்கு முதலில் வெட்கத்தைக் கொடுக்கட்டும். பிறகு, அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறும் தைரியத்தையும் கொடுக்கட்டும். ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்து சேர். அன்னம்மா ஆன்ட்டி வீட்டு வாசல் வரை நான் கூட வருகிறேன். உள்ளே நீதான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
செலீனா