டீ டான்ஸுக்குப் போன மாலை

நேற்று செங்காங் வீட்டு லிஃப்டில் எதிர்வீட்டுப் பெண் பவுடர் மணக்க நின்றாள். தோழிகளோடு டான்ஸ் பாருக்குப் போகிறாளாம். "நல்ல இடம்தானாம்மா?" என்று கேட்டேன். "ரிவ்யூ எல்லாம் பாத்துட்டேன் ஆண்ட்டி, சேஃப் லா," என்றாள். பவுடர் வாசனை என்றாலே எனக்கு நடனக்கூடத்து மரத்தரைதான். செருப்பு வழுக்கிக்கொண்டு போக அதில் தூவுவார்களே, அந்தப் பவுடர். தோழி, நீ மௌத்தாகி மண்ணுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தக்கால சிங்கப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரிவ்யூ பார்க்க நமக்கு ஏது வழி? நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். வேலை குறைந்த நேரமாகப் பார்த்து ஒவ்வொரு நடனக்கூடத்துக்கும் லைன் போட்டு, துரைசாணி குரலில் விசாரிப்பாய். அவர்கள் சொல்லும் பதிலை நீ காதில் வாங்கியதே இல்லை, பின்னால் கேட்கும் சத்தத்தைத்தான் கேட்பாய். கண்ணாடி உடைந்து ஆண்கள் சிரித்தால், "கப்பல்காரனுங்க கூட்டம்டி, வேணாம்," என்று லைனைப் பிடுங்கிவிடுவாய். கடைசியில் பிராஸ் பாசா பக்கம் ஒரு மாடிக்கூடம் அகப்பட்டது. சாக்ஸபோனும் டீக்கோப்பைச் சத்தமும் கேட்டதாம். "குடும்பத்துப் பொண்ணுங்க வர்ற எடம்," என்று தீர்ப்புச் சொன்னாய்.

அறுபத்து நான்காம் வருஷம் ஒரு விடுமுறை நாள், மத்தியானத்தில் டீயோடு நடக்கும் டீ டான்ஸுக்குப் போனோம். எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். சிராங்கூன் ரோட்டுத் தமிழாட்கள் யார் கண்ணிலாவது பட்டால் தொலைந்தேன் என்று குலை நடுங்கிக்கொண்டு வந்தேன். அங்கே கழிவறையில் இருவரும் கவுனுக்கு மாறினோம். நீ உன் முக்காட்டை மடித்துப் பையில் வைத்தாய். என் பூவை எடுத்துவிட்டு, ஈரக் கைக்குட்டையால் என் பொட்டையும் அழித்தாய். "இப்ப உங்கம்மாவே வந்தாலும் உன்னைய தெரியாது," என்று சிரித்தாய்.

நாமே ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது பாட்டு பாதியில் நின்றது. கேலாங் பக்கம் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், எல்லோரும் வீடு போய்ச் சேருங்கள் என்றார் மேனேஜர். நம் துணிப்பைகள் இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு காவல்காரி ஓடிவிட்டாள். கீழே பஸ்ஸும் இல்லை, டாக்சியும் இல்லை. கவுனோடு நடந்தோம். ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் எதிரே ஓடிவந்த தமிழ்ப் பால்காரர் நம் தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் திகைத்து நின்றார். "பாலத்துல சீனனுங்க தடியோட நிக்கிறானுங்கம்மா. தமிழாளுன்னு தெரிஞ்சா விட்டுர்றானுங்க. மலாய்க்காரின்னு நெனச்சா அடிதான்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாநிறம், கவுன், வெறும் நெற்றி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பையில் இருந்த லிப்ஸ்டிக்கை நீ விரலில் தேய்த்து என் நெற்றியில் வைத்தாய்.

"உனக்கும் வைடி."

"வாப்பா பாத்தா செத்துருவாருடி."

"வைக்கலன்னா நீ செத்துருவே!" என்று கத்தினேன். கண்ணை மூடி ஏதோ ஓதினாய். பிறகு, "நீயே வை," என்று நெற்றியைக் காட்டினாய். வைத்தேன்.

பாலத்தில் ஒருவன் தடி நுனியால் என் மோவாயை நிமிர்த்தி நெற்றியைப் பார்த்தான். பிறகு உன்னுடையதைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். என் கையை நீ பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்து இரத்தம் வந்தது. கடைசியில், தமிழர்களை இழிவாகச் சொல்வார்களே அந்தச் சொல்லைத் துப்பிவிட்டு வழிவிட்டான். வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் நிம்மதியடைந்தது அன்றைக்குத்தான்.

உன் தெருமுனைக் குழாயில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். சிவப்பு போகவே இல்லை. வாப்பா அதைப் பார்த்தும் திட்டாமல் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று பிறகு சொன்னாய். அதற்கப்புறம் எந்தக் கூடத்துக்கும் நீ லைன் போடவில்லை.

உன் பயம் உன்னோடு போய்விட்டது. என்னுடையது இன்னும் இங்கேதான் இருக்கிறது. இன்று காலையும் கண்ணாடி முன் நின்றேன். பொட்டு நடுவில் இருக்கிறதா என்றுதான் மற்றவர்கள் பார்ப்பார்கள். நான், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தெரியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறேன்.